அஞ்சு செகண்ட்! (பந்தை உள்ளே போடுவது ஏன் இவ்வளவு கஷ்டம்?)



"ஏங்கண்ணு, கையில இருக்கற பந்தை உள்ள எறியறதுகூடவா கஷ்டம்?"

குறுவட்டப் போட்டியில் நம்ம பள்ளி கூடைப்பந்து அணி தோற்றுப்போன அன்றைக்கு ராத்திரி, எங்க அம்மிச்சி என்னிடம் கேட்ட கேள்வி இது. அம்மிச்சி மட்டும் இல்லை. மறுநாள் பிரேயர் முடிந்து வகுப்புக்குப் போகிறபோது நீங்களும் இதையேதான் கேட்டீர்கள். சைக்கிள் ஸ்டாண்டிலும் கேட்டீர்கள். கேட்டதோடு விடாமல் எங்க 7ஆம் நம்பர் ஆட்டக்காரருக்கு 'அஞ்சு செகண்ட்' என்று பட்டப்பேரும் வைத்துவிட்டீர்கள்.

நடந்தது இதுதான். கடைசி ரெண்டு நிமிஷம் வரைக்கும் நாமதான் முன்னால் இருந்தோம். அப்புறம் எதிரணி 'ஃபுல் கோர்ட் பிரஸ்' போட்டார்கள். அதாவது மைதானம் முழுக்க ஆளுக்கு ஆள் ஒட்டிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு நாலு தடவை நம்மால் பந்தை உருப்படியாக உள்ளே போட முடியவில்லை. ரெண்டு தடவை அஞ்சு செகண்ட் தாண்டிப்போய் ரெஃப்ரி விசில் ஊதினார். ஒரு தடவை நடுவில் கையை விட்டுப் பிடித்துவிட்டார்கள். ஒரு தடவை எறிந்தவர் கால் கோட்டைத் தாண்டிவிட்டது. மூணு பாயிண்டில் தோற்றோம்.

நான் மாற்று ஆட்டக்காரன். பெஞ்சில் உட்கார்ந்து முழுசாகப் பார்த்தவன். அதனால்தான் இந்தக் கட்டுரை. சாக்கு சொல்வதற்காக அல்ல, விஷயம் என்ன என்று விளக்குவதற்காக.

த்ரோ-இன் என்றால் என்ன?

கூடைப்பந்து ஆடுகளம் 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம். பந்து கோட்டைத் தாண்டி வெளியே போனால் ஆட்டம் நிற்கும். டிராவலிங், டபுள் டிரிபிளிங் மாதிரி தப்பு நடந்தாலும் நிற்கும். ஃப்ரீ த்ரோ இல்லாத ஃபவுல் என்றாலும் நிற்கும். மறுபடி ஆரம்பிக்க ஒருத்தர் கோட்டுக்கு வெளியே நின்று பந்தை உள்ளே எறிய வேண்டும். அதுதான் 'த்ரோ-இன்'. எதிரணி ஒரு கூடை போட்டாலும், அடுத்து நாம் நம்ம எண்ட் லைனுக்குப் பின்னால் நின்று எறிந்துதான் தொடங்க வேண்டும். எதிரணி 20 கூடை போட்டால் 20 தடவை!

ஆக, இது எப்போதோ ஒரு தடவை வருகிற வேலை இல்லை. நம்ம ஊர்ப் பக்கம் உதாரணம் சொல்கிறேன். பவானிசாகர் அணையில் தண்ணி நிறைந்து நின்றாலும், மதகு திறந்தால்தான் கீழ்பவானி வாய்க்காலில் தண்ணி வரும். மதகு மாட்டிக்கொண்டால் வயல் காய வேண்டியதுதான். நம்ம அணியில் ஷூட்டர் இருக்கிறார், உயரமான ஆள் இருக்கிறார், வெரசாக ஓடுகிறவர் இருக்கிறார். மதகு மட்டும் திறக்கவில்லை.

ஒரு சின்னக் கணக்கு

ஒரு அணிக்கு அஞ்சு பேர். அதில் ஒருத்தர் பந்தோடு வெளியே நிற்கிறார். அப்படியானால் உள்ளே நம்ம ஆள் எத்தனை பேர்? நாலு. எதிரணி? அஞ்சு!

கூடைப்பந்தில் யாரையும் வெளியே அனுப்பாமலேயே நமக்கு ஒரு ஆள் குறைகிற நேரம் இது ஒன்றுதான். அந்த அஞ்சாவது ஆள் என்ன செய்வார்? எறிகிறவர் முகத்துக்கு முன்னால் ரெண்டு கையையும் தூக்கிக் குதிப்பார். இல்லையென்றால் நம்ம நல்ல ஆட்டக்காரரை இன்னொருத்தரோடு சேர்ந்து ரெண்டு பேராக மறிப்பார். எறிகிறவரால் டிரிபிள் பண்ண முடியாது, ஷூட் பண்ண முடியாது. பாஸ் மட்டும்தான். அதுவும் அஞ்சு செகண்டுக்குள்.

சர்வதேசக் கூடைப்பந்து சம்மேளனமான ஃபிபாவின் விதிகளில் முக்கியமானவை:

1. பந்து கைக்கு வந்த 5 விநாடிக்குள் எறிய வேண்டும். தாண்டினால் பந்து எதிரணிக்கு.

2. பந்து கையில் இருக்கும்போது ஆடுகளத்துக்குள் கால் வைக்கக்கூடாது.

3. ரெஃப்ரி காட்டின இடத்திலிருந்து எறிகிறபோது பக்கவாட்டில் மொத்தம் 1 மீட்டருக்கு மேல் நகரக்கூடாது. நேர் பின்னால் போகலாம்.

4. ஆனால் எதிரணி கூடை போட்ட பிறகு எறிந்தால் இந்த 1 மீட்டர் கட்டுப்பாடு கிடையாது! எண்ட் லைன் நீளத்துக்கும் ஓடலாம். கோட்டுக்கு வெளியே நிற்கிற இன்னொரு நம்ம ஆளுக்குப் பந்தைக் கொடுக்கவும் செய்யலாம்.

5. எறிந்த பந்து உள்ளே இருக்கிற ஒரு ஆட்டக்காரர் மேல் பட்ட பிறகுதான் நின்றிருக்கும் கடிகாரம் ஓடத் தொடங்கும்.

நாலாவது விதியைத் திரும்பப் படியுங்கள். அன்றைக்கு எண்ட் லைனில் நம்ம ஆள் ஆணி அடித்த மாதிரி ஒரே இடத்தில் நின்றார். ஓடலாம் என்று அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

அஞ்சு செகண்டின் வயசு

இந்த அஞ்சு செகண்ட் நேற்று வந்தது அல்ல. 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளி ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித் கூடைப்பந்தைக் கண்டுபிடித்தார். பீச் பழக்கூடையை மாட்டி ஆடிய ஆட்டம். அப்போது அவர் எழுதியது 13 விதிகள்தான். அதிலேயே ஒன்று, பந்தை உள்ளே எறிகிறவருக்கு 5 விநாடி என்று சொல்கிறது. கூடை போய் வளையமும் வலையும் வந்துவிட்டது. டிரிபிளிங் வந்தது, மூணு பாயிண்ட் வந்தது. அஞ்சு செகண்ட் மட்டும் அப்படியே இருக்கிறது!

இன்னொரு வேடிக்கை. அந்தக் காலத்தில் வெளியே போன பந்தை யார் முதலில் தொடுகிறாரோ அவர்தான் எறியலாம். கூட்டத்துக்குள் விழுந்தடித்து ஓடியிருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்! அமெரிக்காவில் 1937 வரைக்கும் ஒவ்வொரு கூடைக்குப் பிறகும் நடுவில் வந்து 'ஜம்ப் பால்' போட்டார்கள். அதை எடுத்த பிறகுதான் கூடை விழுந்ததும் எண்ட் லைனிலிருந்து எறிகிற வழக்கம் வந்தது. ஆட்டம் வேகமானது. கூடவே நம்ம தலைவலியும் வந்தது.

நம்ம நாட்டுக்கு இந்த ஆட்டம் வந்ததும் ஒய்.எம்.சி.ஏ. வழியாகத்தான். சென்னையில் உள்ள ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரியை 1920இல் ஹாரி குரோ பக் தொடங்கினார்.

பெரிய பெரிய ஆளுங்களும் தடுமாறியிருக்காங்க

பில் ரஸ்ஸல் என்று ஒரு ஆட்டக்காரர். பாஸ்டன் செல்டிக்ஸ் அணி. 13 வருஷம் ஆடி 11 தடவை என்.பி.ஏ. பட்டம் வென்றவர். அவருக்கு என்ன ஆனது தெரியுமா?

1965 ஏப்ரல் 15. ஃபிலடெல்ஃபியாவுக்கு எதிரான ஏழாவது ஆட்டம். ஜெயிப்பவர்தான் இறுதிச்சுற்றுக்குப் போக முடியும். பாஸ்டன் 110, ஃபிலடெல்ஃபியா 109. மீதி 5 விநாடி. பந்து பாஸ்டனுக்கு. எண்ட் லைனில் நின்று உள்ளே எறிந்தால் போதும். எறிந்தவர் ரஸ்ஸல். பந்து போர்டைத் தாங்குகிற கம்பியில் பட்டுவிட்டது! பந்து எதிரணிக்குப் போனது.

அவ்வளவுதான், முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள். இப்போது எறிய வேண்டியவர் ஃபிலடெல்ஃபியாவின் ஹால் கிரியர். பாஸ்டனின் ஜான் ஹாவ்லிசெக் தன் ஆளை மறித்துக்கொண்டே மனசுக்குள் செகண்டை எண்ணினார். இன்னும் எறியவில்லையே, இனி அவசரமாகத்தான் எறிய வேண்டும் என்று தெரிந்து கடைக்கண்ணால் திரும்பிப் பார்த்தார். பந்து வந்தது. கையை நீட்டித் தட்டிவிட்டார். பாஸ்டன் ஜெயித்தது.

ஒரே அஞ்சு செகண்டில் ரெண்டு த்ரோ-இன். ரெண்டுமே வீண். முதலில் தப்பு செய்தவர் உலகத்திலேயே பெரிய ஆட்டக்காரர்களில் ஒருவர். அவரைக் காப்பாற்றியது அவருடைய அணி.

1987 மே 26ஆம் தேதியும் இதே மாதிரி. டெட்ராய்ட் 107, பாஸ்டன் 106. மீதி 5 விநாடி. டெட்ராய்ட்டின் ஐசையா தாமஸ் எறிய வேண்டும். அவர் பயிற்சியாளர் சக் டேலி டைம்-அவுட் கேட்கச் சொல்லி சைகை காட்டினார். தாமஸ் பார்க்கவில்லை. லேம்பியருக்கு மெதுவாக ஒரு பாஸ் போட்டார். லேம்பியர் பந்தை நோக்கி வராமல் நின்ற இடத்திலேயே காத்திருந்தார். நடுவில் பாய்ந்து வந்த லாரி பேர்டு பந்தைப் பிடுங்கி டென்னிஸ் ஜான்சனிடம் கொடுத்தார். லே-அப். பாஸ்டன் 108, டெட்ராய்ட் 107. தாமஸ் லேசான ஆள் இல்லை. அந்தக் காலத்தின் தலைசிறந்த கார்டுகளில் ஒருவர்!

மறிக்காமல் விட்டால் என்ன ஆகும்?

இப்போது மறுபக்கம் பாருங்கள்.

1972 மியூனிக் ஒலிம்பிக் இறுதிப் போட்டி. அதுவரை ஒலிம்பிக் கூடைப்பந்தில் அமெரிக்கா ஒரு ஆட்டம்கூடத் தோற்றதில்லை. அமெரிக்கா 50, சோவியத் யூனியன் 49. மீதி 3 விநாடி. சோவியத் அணி எறிய வேண்டும். குழப்பத்தினால் அந்தக் கடைசி நேர த்ரோ-இன்னை மூணு தடவை எறிய விட்டார்கள். மூணாவது தடவை, எறிகிறவர் முன்னால் மறித்து நின்ற உயரமான அமெரிக்க ஆட்டக்காரர், ரெஃப்ரி கை காட்டியதைப் பார்த்துப் பின்னால் போய்விட்டார். இவான் எடெஷ்கோவுக்கு முன்னால் ஆளே இல்லை. முழு மைதானத்தையும் தாண்டி எறிந்தார். அலெக்சாண்டர் பெலோவ் பிடித்துக் கூடை போட்டார். 51–50. அமெரிக்க வீரர்கள் கோபத்தில் வெள்ளிப் பதக்கத்தை வாங்கவே மறுத்துவிட்டார்கள்.

1992 மார்ச் 28இல் அமெரிக்கக் கல்லூரி அணிகள் டியூக்கும் கென்டக்கியும் ஆடின. மீதி 2.1 விநாடி. எறிகிற கிராண்ட் ஹில்லை மறிக்கக் கென்டக்கி ஆள் நிறுத்தவில்லை. ஹில் நிதானமாகப் பார்த்து நீளமாக எறிந்தார். லேட்னர் பிடித்துத் திரும்பிக் கூடை போட்டார். 104–103, டியூக் வெற்றி.

இதிலிருந்து என்ன தெரிகிறது? மறிக்கிற ஆள் இல்லாவிட்டால் அந்தக் கடைசிவரை பார்த்து எறியலாம். மறிக்கிற ஆள் கையைத் தூக்கி நின்றால் பக்கத்தில் இருப்பவர்கூடத் தெரியமாட்டார். எறிகிறவரின் கண்ணுக்கு வழி வேண்டும். அந்த வழியை உண்டாக்குவது உள்ளே இருக்கிற நாலு பேரின் வேலை.

நாம எங்கே கோட்டை விட்டோம்?

தோற்றுவிட்டு பஸ்ஸில் திரும்பி வரும்போது எல்லோரும் 7ஆம் நம்பரையே பார்த்துக்கொண்டிருந்தோம். பி.டி. சார் ஒன்றே ஒன்று சொன்னார்: "பந்தை உள்ள போடறது ஒருத்தன் வேலைன்னு யாருடா சொன்னது? நீங்க நாலு பேரு என்ன பண்ணிட்டு இருந்தீங்க?"

யாருக்கும் பதில் வரவில்லை. பிறகு உட்கார்ந்து யோசித்தபோது எனக்குத் தெரிந்தவை இவை:

ஒன்று. யார் எறிவது என்று நாம் முடிவு செய்திருக்கவே இல்லை. பந்துக்குப் பக்கத்தில் யார் இருக்கிறாரோ அவர் எடுத்தார். 7ஆம் நம்பர் நம்ம அணியிலேயே உயரம் குறைந்தவர். அவர் முன்னால் எதிரணியின் உயரமான ஆள் நின்றார். சுவருக்குப் பின்னாலிருந்து எறிகிற மாதிரிதான்.

ரெண்டு. நாலு பேரும் நின்ற இடத்திலேயே நின்று "எனக்குப் போடு, எனக்குப் போடு" என்று கத்தினார்கள். ஓடவில்லை. லேம்பியர் செய்த அதே தப்பு.

மூணு. அந்த மைதானத்தில் எண்ட் லைனுக்குப் பின்னால் ரெண்டு எட்டு வைத்தால் காம்பவுண்டுச் சுவர். பின்னால் போக இடமில்லை. இங்கேதான் எனக்கு வயிற்றெரிச்சல். ஃபிபா விதி என்ன சொல்கிறது தெரியுமா? கோட்டுக்கு வெளியே தடையில்லாத இடம் 2 மீட்டருக்குக் குறைவாக இருந்தால், மறிக்கிறவர் எறிகிறவரிடமிருந்து குறைந்தது 1 மீட்டர் தள்ளித்தான் நிற்க வேண்டும்! நம்ம கேப்டன் மரியாதையாக ரெஃப்ரியிடம் கேட்டிருக்கலாம். விதி தெரிந்தால்தானே கேட்பதற்கு?

நாலு. பந்து 7ஆம் நம்பர் கைக்குப் போன பிறகு நாங்கள் பெஞ்சிலிருந்து "டைம்-அவுட்! டைம்-அவுட்!" என்று கத்தினோம். அது டி.வி.யில் என்.பி.ஏ. பார்த்த பழக்கம். அங்கே ஆட்டக்காரரே கேட்கலாம். ஃபிபா விதிப்படி பயிற்சியாளர்தான் ஸ்கோரர் மேஜையில் கேட்க வேண்டும். எதிரணி கூடை போட்டதும் கேட்டால் கிடைக்கும். பந்து எறிகிறவர் கைக்குப் போய்விட்டால் அந்த வாய்ப்பு முடிந்தது.

இந்த நாலில் 7ஆம் நம்பருடைய தப்பு எத்தனை? நீங்களே சொல்லுங்கள்.

இனிமேல் என்ன செய்யலாம்?

* எறிகிறவர் ஒருத்தரை முன்கூட்டியே வைக்க வேண்டும். நல்ல பாஸ், கொஞ்சம் உயரம், பதறாத மனசு. அவர் இல்லாவிட்டால் யார் என்பதும் தெரிய வேண்டும்.

* எண்ட் லைனில் போர்டுக்கு நேர் பின்னால் நிற்கக்கூடாது. போர்டும் வளையமும் வழியை மறைக்கும். ரஸ்ஸலை நினைத்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் தள்ளி நின்று, இடம் இருந்தால் கோட்டிலிருந்து ஒரு எட்டு பின்னால் நிற்க வேண்டும்.

* மேலே காட்டிக் கீழே போடு! ஓவர் ஹெட் பாஸ் மாதிரி ஏமாற்றினால் மறிக்கிறவர் கை மேலே போகும். அப்போது அவர் கால் பக்கமாக ஒரு பவுன்ஸ் பாஸ்.

* உள்ளே நாலு பேரும் ஒருத்தர் பின்னால் ஒருத்தராக வரிசையில் நிற்கலாம். எறிகிறவர் பந்தைத் தட்டியதும் நாலு பக்கமும் பிரிந்து ஓட வேண்டும். மறிக்கிறவர்கள் ஒருத்தர் மேல் ஒருத்தர் மோதிக்கொள்வார்கள். ஒருத்தராவது காலியாகக் கிடைப்பார். ஸ்க்ரீன் போட்டு விடுவிப்பதும் இப்படித்தான்.

* பந்தை வாங்குகிறவர் பந்தை நோக்கி ரெண்டு எட்டு வர வேண்டும். பந்து வரட்டும் என்று நிற்கக்கூடாது.

* எறிகிறவரோடு சேர்ந்து எல்லோரும் மனசுக்குள் எண்ண வேண்டும். 'மூணு' வந்தும் பாஸ் போகவில்லை என்றால், கடைசி வழியாக வைத்திருக்கிற ஒருத்தர் பந்தை நோக்கி ஓடி வர வேண்டும். எதிரணி ஹாவ்லிசெக் எண்ணுவார், நாம் எண்ணாமல் இருந்தால் எப்படி?

* பந்தை வாங்கியதும் மூலைக்கு டிரிபிள் பண்ணிப் போகக்கூடாது. மூலையில் கோடே ரெண்டு ஆள் மாதிரி நம்மை மறிக்கும். பல சமயம் எறிந்தவர்தான் காலியாக உள்ளே வருவார். அவருக்கே திருப்பிக் கொடுத்து, 8 விநாடிக்குள் நடுக்கோட்டைத் தாண்ட வேண்டும்.

* கடைசி ரெண்டு நிமிஷத்தில் நம்ம பாதியில் பந்து நமக்கு வரவேண்டியிருக்கும்போது டைம்-அவுட் எடுத்தால், எதிரணிப் பாதியில் உள்ள த்ரோ-இன் கோட்டிலிருந்து எறிவதைப் பயிற்சியாளர் தேர்ந்தெடுக்கலாம். ஃபுல் கோர்ட் பிரஸ்ஸே போய்விடும்! பந்து வெளியே இருக்கும்போது எதிரணி நம்ம ஆளைப் பிடித்து இழுத்தால், 2022 முதல் அதற்குத் தனியாக 'த்ரோ-இன் ஃபவுல்' இருக்கிறது. ஒரு ஃப்ரீ த்ரோவும் கிடைக்கும், பந்தும் நமக்கே.

இதற்கெல்லாம் பெரிய செலவு இல்லை. தினமும் பிராக்டிஸ் முடிகிறபோது பத்து நிமிஷம் போதும். நாம் ஷூட்டிங் பழகுகிறோம், லே-அப் பழகுகிறோம். த்ரோ-இன்னை இதுவரை ஒரு நாள்கூடப் பழகினதில்லை. அதுதான் உண்மை.

கடைசியாக ஒரு வேண்டுகோள்

7ஆம் நம்பர் அந்த ஆட்டத்துக்குப் பிறகு பிராக்டிஸுக்கு வரவில்லை. ஷூவை வீட்டில் வைத்துவிட்டு, மணி அடித்ததும் நேராகப் போய்விடுகிறார். அந்த ஆட்டத்தில் நமக்காக அதிகம் ஓடியவர் அவர்தான். பெஞ்சில் இருந்து பார்த்தவன் சொல்கிறேன், நம்புங்கள்.

அவரைக் கிண்டல் பண்ணுகிற நண்பர்களுக்கு ஒரு அழைப்பு. வருகிற வெள்ளிக்கிழமை சாயங்காலம் மைதானத்துக்கு வாங்க. எண்ட் லைனுக்கு வெளியே நில்லுங்க. பந்தை நானே உங்க கையில் தருகிறேன். உங்களுக்கு முன்னால் ஒருத்தர் கையைத் தூக்கிக் குதிப்பார். உள்ளே நம்ம ஆள் நாலு பேர் நின்ற இடத்திலேயே நிற்பார்கள், அன்றைக்கு நின்ற மாதிரியே. நான் சத்தமாக அஞ்சு வரைக்கும் எண்ணுவேன்.

போட்டுவிட்டால் அந்தப் பட்டப்பேரை வைத்துக்கொள்ளுங்க. போட முடியாவிட்டால் விட்டுவிடுங்க. அப்புறம் எல்லோரும் சேர்ந்து போய் 7ஆம் நம்பரைக் கூட்டிக்கொண்டு வரலாம்.



– ஒரு மாற்று ஆட்டக்காரன்,
11ஆம் வகுப்பு, ஆ பிரிவு